பால் பாட்டில்: 'பிபிஏ ஃப்ரீ' என்றால் போதுமா?

குழந்தையின் பால் பாட்டிலுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 5 இருந்தால் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இதைத் தயாரிக்க பிபிஏ (பாலிகார்பனேட் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள்) தேவையே இல்லை. லேபிளில் 'பிபிஏ ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் போடுவது வெறும் விளம்பரம். பார்க்க வேண்டியது ஐஎஸ் 14625 என்ற, பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கான இந்தியத் தர எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை. 7 என்றால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம், எடுக்காதீர்கள்.

பாலிபுரொப்பிலீன் பாட்டில் எடை குறைவு, விழுந்தால் உடையாது. குறை சூட்டில்தான்: வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் நுண்துகள்கள் உதிரும், குலுக்கினால் இன்னும் கூடும். பால்பவுடரை 70 டிகிரி நீரில், கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் கலக்கி, ஆறியபின் பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலைக் கொதிக்க வைத்தபின், தனியே காய்ச்சி ஆறிய நீரில் மூன்று முறை அலசுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது.

உள்ளே கீறலோ மங்கலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கம்பி நாரால் தேய்க்கும் வீடுகளில் அது சீக்கிரமே வரும். வெளியூர்ப் பயணத்துக்கு இது சரி, வீட்டுக்கு போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடி பாட்டிலே மேல்.