கடற்காற்றில் பழைய மாடல் ரயில்கள்: பல வருட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பழைய மாடல் ரயில், அதாவது நிஜ ரயிலைச் சுருக்கிச் செய்த மின்சாரப் பொம்மை ரயில், வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் இன்ஜினுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் தண்டவாளத்துக்கும், அதையெல்லாம் பூட்டி வைக்கும் டப்பாவுக்கும் ஒதுக்கிவிடுங்கள். நாகர்கோவிலில் பல வருடமாக வைத்து ஓட்டியதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: ஓடித் தேய்ந்த வண்டிகள் குறைவு, உப்புக்காற்று தின்ற வண்டிகள்தான் அதிகம்.

எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான், திருவனந்தபுரம் பக்கமிருந்து. அதற்குப் பிறகு வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் வேலைக்குப் போனவர்கள், ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ரயில் செட் வாங்கி வந்தார்கள். குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் அவை இன்னும் அட்டைப் பெட்டியோடு பரணில் கிடக்கின்றன. "இது ஓடாது, சும்மா வச்சிருக்கோம்" என்று சொல்லித்தான் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் ஓட வைத்துவிடலாம்.

என்னிடம் இருப்பவை அதிகமும் ஹார்ன்பி, கொஞ்சம் லிமா; இரண்டும் மாடல் ரயில் கம்பெனிகள். ஹார்ன்பி 1:76 அளவு, அதாவது நிஜ வண்டியில் 76-இல் ஒரு பங்கு; என் லிமா பெட்டிகள் 1:87. இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஒன்றுதான், 16.5 மி.மீ. இரண்டும் 12 வோல்ட் டிசியில் ஓடும். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயரம் இடித்தாலும், ஒரே பாதையில் ஓட்டலாம். மார்க்லின் கம்பெனி வண்டி கிடைத்தால் அது தனிக் குடும்பம்: பழைய செட்டெல்லாம் ஏசி, நடுவில் மூன்றாவது தொடர்பு. மற்றதோடு கலக்க வழியில்லை. நம்ம அகலப்பாதையான 1676 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேலே வரும். அதைச் சுருக்கி 16.5-இல் ஓட்டினாலும் எனக்குக் கண்ணை உறுத்துவதில்லை.

பழைய இன்ஜின்களின் பெரிய பலம், மோட்டாரைத் திறக்க முடிவது. ஓடாத ஒன்றைக் கோட்டாறில் ஒரு வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். மிக்சியும் ஃபேனும் பார்க்கிற பெரியவர், லென்ஸை மாட்டிக்கொண்டு, மோட்டாரில் காயில் சுற்றிய சுழலும் பாகமான ஆர்மேச்சரைத் திருப்பிப் பார்த்தார். "காயில் நல்லாத்தான் இருக்கு தம்பி. செம்புத் தகடுக்கு நடுவுல கரி அடைச்சுக் கெடக்கு பாரும்" என்றார். உண்மைதான். காயிலுக்கு மின்சாரம் போகும் இடமான கம்யூட்டேட்டரின் மூன்று தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பிளவில் கார்பன் தூள் எண்ணெயோடு சேர்ந்து கறுப்புப் பசையாக இறுகியிருந்தது. ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் தாவ அது போதும். பல்குத்தும் குச்சியின் முனையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து அந்தப் பிளவுகளைச் சுரண்டினால், பாதி 'செத்த' இன்ஜின்கள் எழுந்துவிடும். அப்புறம் அந்தத் தகடுகளில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகளின் நீளம், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்கின் அழுத்தம் பாருங்கள். பழைய டிரையாங் (இதுவும் ஒரு கம்பெனி), ஹார்ன்பி இன்ஜின்களில் வரும் எக்ஸ்04 மோட்டார் என்றால், ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் மின்சாரம் கடத்தாத சின்ன உறை இருக்கும். அது இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். அந்த மோட்டாரின் காந்தத்தைத் தேவையில்லாமல் கழற்ற வேண்டாம். வலு குறைந்து, பிறகு அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும்.

எண்ணெய் ஊசி முனையில் ஒரு துளி, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத ரகம். நம்ம வீட்டில் கைக்கெட்டுகிற தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாளானால் பிசுக்காகி தூசியை இழுக்கும்.

இனி தண்டவாளம். பழைய செட்டுகளில் வரும் இரும்புத் தண்டவாளம் இங்கே ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. நமக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மேலே துருப்படலம் வந்தால் வண்டி விக்கி விக்கிப் போகும், சக்கரத்தில் பொறி பறக்கும், அந்தப் பொறியே இன்னும் கரியைச் சேர்க்கும். நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறிய பிறகுதான் எனக்கு நிம்மதி. துருப் பிடிக்காது. மங்கினால் சப்ளையை அணைத்துவிட்டு, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சரி. உப்புத்தாள் போட்டால் அந்தக் கீறல்களிலேயே அழுக்கு போய் உட்காரும்.

பாதுகாப்புக்கு, காற்றுப் புகாத டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். பழைய ஃபோம் மெத்தைகளை எடுத்து எறியுங்கள்; அது உதிர்ந்து பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பெயின்ட் உரிந்திருந்தால் புதிதாக அடிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எழுத்தும் கோடும் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் தொடாதீர்கள் என்பேன். அந்தத் தேய்மானம் ஏதோ ஒரு பிள்ளையின் கைபட்டு வந்தது. அது அப்படியே இருக்கட்டும். எதுவுமே மிஞ்சாத ஒரு பெட்டிக்கு மட்டும் ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) நீலம் அடித்தேன், அழகாகத்தான் இருக்கிறது.

வாங்கும்போது வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். சக்கரத்தின் ரப்பர் வளையம் போயிருந்தால் கவலை இல்லை. வெர்னியரில் அளந்து அதே அளவில் புதிது போடலாம். கன்ட்ரோலரில் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 110 என்றிருந்தால் நம்ம வீட்டு பிளக்கில் செருகக் கூடாது. முக்கியமாக, இன்ஜினின் அடிச்சட்டமான சேசிஸைக் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய சேசிஸில் ஈயம் கலந்திருந்தால், ஈரப்பதத்தில் உள்ளிருந்தே வெடித்து, உப்பி, வில்லாக வளையும். அதற்கு வைத்தியம் கிடையாது. அப்படிப்பட்ட இன்ஜினை மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் மட்டும் விலை பேசுங்கள்.