பெயர் வெட்டும் முன் வெள்ளிக்கு எந்த மெருகு?

சீர்த் தட்டில் பெயர் வெட்டக் கொண்டுவருகிறவர்கள் பாலக்காட்டிலிருந்து வந்தாலும் பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "நல்லா மின்ன வெச்சுட்டு வெட்டுங்க." கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பட்டறையில் நான் செய்வது நேர்மாறு. முதலில் மங்க வைப்பேன், அப்புறம்தான் வெட்டுவேன்.

பஃப் மோட்டாரை, அதாவது துணிச்சக்கரம் சுழலும் மெருகு மோட்டாரைப் பற்றி முதலில். வேகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. டிரிப்போலி சோப்பு என்கிற மெருகுக் கட்டியைத் தடவி ஒரு சுற்று, அதைவிட நைசான சிவப்பு சோப்பில் ஒரு சுற்று, ஐந்து நிமிடத்தில் கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் தொந்தரவு. குனிந்து பார்த்தால் என் மூக்கும் மேலே தொங்கும் பல்பும் தெரிகின்றன, பென்சில் கோடு தெரிவதில்லை. வெள்ளை போஸ்டர் கலரை மெல்லிசாகப் பூசி அதன்மேல் வரையலாம்தான். ஆனால் சமதளம் போய்விட்டதை எந்தப் பூச்சும் சரி செய்யாது. துணிச்சக்கரம் விளிம்பை உருட்டிவிடும்; சின்னக் குழி இருந்தால் அதிலிருந்து வால்போல ஒரு இழுப்பு விழும். மலையாளத்தில் பெயர் கேட்டால் எழுத்து வளைந்து வளைந்து போகும், சிறு பிசகு மறைந்துவிடும். தமிழில் 'ட', 'ப' எல்லாம் நேர்க்கோடு. அடியில் மேடு பள்ளம் இருந்தால் உளி இறங்கும் ஆழம் மாறும், கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். தட்டைத் தூரத்தில் பிடித்தாலே தெரியும்.

அடுத்தது வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். மெதுவான வேலை. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, வெள்ளித் தகட்டை அதன்மேல் தேய்ப்பேன். தட்டு என்றால் மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றிக்கொள்வேன். 400, 600, 800, கடைசியில் 1000; நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்கே மாற்ற வேண்டும். முந்தைய கீறல் முழுதாகப் போனால்தான் அடுத்த நம்பர். அவசரப்பட்டு 400-இன் கீறல் ஒன்றை விட்டுவிட்டால், கடைசி மெருகில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

இன்னொரு லாபமும் உண்டு. 92.5 வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு. பற்றவைக்கும்போது சூட்டில் அந்தச் செம்பு மேல்தோலுக்கு அடியில் கறுத்து, சாம்பல் கலந்த ஊதாத் திட்டாக நிற்கும். லேசான பஃப் அந்தத் திட்டையும் சேர்த்து மின்ன வைக்குமே தவிர எடுக்காது. பேப்பர் அதைச் சுரண்டி எடுத்துவிடும். அப்புறம் பூந்திக்கொட்டை நீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். பேப்பர் மணல் ஒன்று ஒட்டியிருந்தாலும் உளியின் முனை உடையும். தேய்ந்த பேப்பரை எறிவதில்லை. சேர்த்து எரித்தால் சாம்பலில் வெள்ளி இருக்கும், தட்டார் வீட்டுப் பழக்கம்.

முலாம் பூசிய பொருளுக்கு மட்டும் பேப்பர் ஆகாது. நாலு இழுப்பில் பித்தளை பல் இளிக்கும்.

மூன்றாவது, வழவழப்பான எஃகுக் கம்பியோ அகேட் என்கிற கெட்டியான கல்லோ வைத்து சோப்பு நீர் தொட்டு அழுத்தித் தேய்ப்பது. இது வெள்ளியை எடுப்பதில்லை, நகர்த்துகிறது. மேல்தோல் இறுகும். மிருதுவான வெள்ளி உளியில் ஒட்டி இழுபடும். இறுகியது சுத்தமாக வெட்டுப்படும். குங்குமச்சிமிழ் மூடி மாதிரி உருண்டை முகத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். அகலத் தட்டில் அலை அலையாகக் காட்டும், அங்கே வேண்டாம்.

வெட்டிய பிறகு? ஒருமுறை நானே ஆசைப்பட்டு ஒரு தட்டை பஃபில் பிடித்தேன். வாங்க வந்த அக்கா, "ஏனுங்கண்ணா, பேரு கரைஞ்சு போன மாதிரி இருக்குதே?" என்றார். எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது. முழுதும் தேய்த்து எடுத்துத் திரும்ப வெட்டிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. இப்போது பழைய 1000 பேப்பரால் ஒரே தடவை லேசாக இழுத்து பிசிர் எடுத்து, பருத்தித் துணியில் சிவப்பு சோப்பு தொட்டுக் கையால் துடைப்பதோடு சரி. உளியின் அடிமுகம் மின்னினால் வெட்டிய கோடும் தானே மின்னும். அதனால் பஃப் மோட்டாரில் இப்போது அதிகம் ஏறுவது என் உளிகள்தான்.