ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன பிட்யூட்டரி கிளினிக்

அக்காவுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 32 மி.மீ. கட்டி என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் பார்த்த இடத்தில் உடனே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொன்னார்கள். எதற்கும் இன்னொரு இடத்தில் கேட்டுவிடலாம் என்று போனதுதான் இந்த கிளினிக். ஹார்மோன் டாக்டர், மூளை அறுவை சிகிச்சை டாக்டர், கண் டாக்டர் மூவரும் ஒரே நாளில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ஹார்மோன் டாக்டர் முதலில் கேட்டதே பழைய ரத்த ரிப்போர்ட்டைத்தான். அதில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 90. இவ்வளவு பெரிய கட்டிக்கு இந்த எண் பொருந்தவில்லையே என்று, சாம்பிளை நூறு மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்லி லேபுக்கு எழுதினார். ஹார்மோன் மிதமிஞ்சி இருந்தால் சில டெஸ்ட் முறைகள் தடுமாறி, குறைவாகக் காட்டிவிடுமாம். மறுநாள் வந்த எண் 6,000க்கு மேல்! பெண்களுக்கு வழக்கமாக 25 வாக்கில் அடங்கிவிடும். அப்படியென்றால் இது புரோலாக்டினோமா, அதாவது அந்த ஹார்மோனையே மிதமிஞ்சிச் சுரக்கும் கட்டி, பெரும்பாலும் மாத்திரைக்கே சுருங்குகிற வகை. மாதவிடாய் நின்றுபோய் ஒன்றரை வருடமாக அக்கா வேறெதற்கோ மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அதற்கும் காரணம் இதுதான்.

அப்புறம் கண் டெஸ்ட். தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுப்புள்ளியையே பார்த்தபடி எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அழுத்த வேண்டும். பக்கத்தில் நின்ற எனக்குப் பல நேரம் பட்டன் சத்தமே கேட்கவில்லை. வந்த தாளில் இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் கறுப்பு, அதாவது அந்தப் பக்கம் பார்வை தெரியவில்லை. அவள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டபோதெல்லாம் "பார்த்து நடக்கா" என்று சொன்னவன் நான், இன்னும் மனசு ஆறவில்லை. டாக்டர் வரைந்து காட்டினார்: பட்டாணி அளவு சுரப்பி, அதற்கு மேலே இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கும் இடம், கட்டி மேலே வளர்ந்து அதைத்தான் அமுக்குகிறது.

கொடுத்த மாத்திரை கேபர்கோலின், வாரத்துக்கு இரண்டு நாள், இரவுச் சாப்பாட்டோடு. முதலில் குமட்டலும் தலைசுற்றலும் இருந்தன, பிறகு அடங்கிவிட்டன. மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி 19 மி.மீ., கண் தாளில் கறுப்பு ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது.

எல்லாருக்கும் மாத்திரை போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களோடு காத்திருந்தவருக்கு வளர்ச்சி ஹார்மோன் அதிகம், மோதிரம் விரலில் ஏறாமல் போய்த்தான் கண்டுபிடித்தார்களாம், அவருக்கு மூக்கு வழியாக ஆபரேஷன். திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்து பார்வையும் மங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லி நர்ஸ் இரண்டு முறை சொன்னார்.

குறை உண்டு. காத்திருப்பு நாலு மணி நேரம். அதைவிட, இந்த மாத்திரை சிலருக்கு அடக்க முடியாத செலவு ஆசை, சூதாட்ட ஆசையைத் தூண்டலாம் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை, மருந்துப் பெட்டித் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும்.

போகிறவர்கள் ஸ்கேன் சிடியோடு பழைய ரத்த ரிப்போர்ட் ஒன்றையும் விடாமல் எடுத்துப் போங்கள்.