எஞ்சின் நின்றால் திரும்புவதா, நேரே இறங்குவதா?

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று இருக்கிறது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் நிறைதொட்டியுடன் அங்கிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். 200 அடி உயரத்தில் அதன் ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் விமானிக்கு இரண்டே வழி: ஓடுபாதைக்குத் திரும்புவது அல்லது மருந்தைக் கொட்டிவிட்டு நேரே இறங்குவது.

திரும்பத்தான் மனம் சொல்லும். முன்னால் சீமைக்கருவேலங்காடு, பின்னால் ஓடுபாதை. ஆனால் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகம், 19 சதவீதம் ஏறிவிடும். எஞ்சின் இல்லாதபோது அந்த வேகத்தை உயரத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அரைவட்டமும் போதாது, ஓடுபாதையின் நேர்க்கோட்டில் வந்து சேர இன்னும் வளைய வேண்டும். ஆடிக் காற்றை எதிர்த்துக் கிளம்பியவர் அதே காற்று பின்னால் தள்ளத் தரை தொட வேண்டியிருக்கும். 200 அடியில் இந்த வழியை நினைக்கவே கூடாது.

நேரே இறங்குபவருக்குத் தொட்டியே துணை. ஏர் டிராக்டர் 502 என்ற மருந்து தெளிப்பு விமான ரகத்தில் சுமார் 1,890 லிட்டர் பிடிக்கும். காலி விமானத்தின் எடைக்கு அது கிட்டத்தட்டச் சமம். இடது கைப்பக்க நெம்புகோலைத் தள்ளினால் வயிற்றுக் கதவு திறந்து சில நொடிகளில் கொட்டிவிடும். மொத்த எடை பாதியானால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பாரம் போனதும் மூக்கு மேலே எழும். உடனே விமானத்தை இயக்கும் தண்டை முன்னே தள்ளி அதைத் தாழ்த்தியாக வேண்டும். விமானி தொட்டிக்குப் பின்னால் உயரத்தில் அமர்ந்திருப்பதால், மோதினாலும் எஞ்சினும் தொட்டியுமே முதலில் நசுங்கும்.

இறங்கும் இடம் பருவத்தைப் பொறுத்தது. சித்திரையில் வறண்ட கண்மாய் உள்வாய் நல்ல தரை. கார்த்திகையில் அதே இடம் தண்ணீர். நடவு வயலிலோ சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம்.

இன்று நம் வயல்களுக்கு வருபவை 10 லிட்டர் ட்ரோன்கள். நான்கு விசிறி ரகத்தில் ஒரு மோட்டார் நின்றால் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆறு விசிறி ரகம் சமாளித்து இறங்க வாய்ப்புண்டு. உள்ளே ஆள் இல்லை என்பதே அங்கே பெரிய நிம்மதி.

நேரே இறங்கும் வழியில் என்னை உறுத்துவது ஊருணி. குடிதண்ணீரில் அத்தனை பூச்சிமருந்தும் விழுந்தால் ஊரே தவித்துப்போகும். அதற்காக நெம்புகோலைத் தள்ளத் தயங்கு என்று எந்த விமானியிடமும் சொல்ல மாட்டேன். காற்று இடம் கொடுத்தால் ஊருணி இல்லாத திசையில் கிளம்ப வேண்டும். இல்லையேல் தொட்டியை அரைவாசி மட்டும் நிரப்ப வேண்டும். இரண்டையும் எஞ்சினை முடுக்கும் முன்பே முடிவு செய்துவிடலாம்.