லீக்கா, டோட்டாவா: புதிதாக ஆட வருபவருக்கு எந்தப் பூட்டு நல்லது?

அக்கா மகன் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு ஒரு கேள்வியைக் கொண்டுவந்தான். "மாமா, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போடட்டுமா, டோட்டா 2 போடட்டுமா?" அவனுடைய பழைய மடிக்கணினியில் இரண்டுக்கும் இடம் கிடையாது. ஏதாவது ஒன்றுதான். நான் முதலில் சில வருடங்கள் லீக் ஆடினேன், அப்புறம் டோட்டாவுக்கு மாறினேன், இன்றுவரை டோட்டாதான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் சொல்லும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம். மூன்று பாதைகள், நடுவே காடு, கடைசியில் எதிரியின் தளத்தை உடைக்க வேண்டும். இரண்டையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். லீக் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், கைக்குச் சீக்கிரம் வசப்படும். டோட்டாவில் கற்க வேண்டியது அதிகம், முதல் மாதம் அடி வாங்கித்தான் ஆக வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆட்டத்துக்குள் நுழைந்ததும் எத்தனை கதாபாத்திரங்கள் உங்கள் கைக்கு வருகின்றன? மீதியெல்லாம் எதைக் கொடுத்தால் திறக்கும்?

டோட்டாவில் கதாபாத்திரங்களுக்கு ஹீரோக்கள் என்று பெயர், 120-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் இலவசம். புதிதாக ஒரு ஹீரோ வந்தாலும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கும். இது அந்த ஆட்டத்தின் பிறவிக்குணம். வார்கிராஃப்ட் 3 ஆட்டத்தின் மேல் ரசிகர்கள் கட்டிய வரைபடமாகத்தான் டோட்டா பிறந்தது. அந்த வரைபடத்திலேயே ஹீரோக்களுக்கான விடுதிகள் இருக்கும். போய் நின்று வேண்டியவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விற்க ஆளும் இல்லை, விலையும் இல்லை. 2013-இல் வால்வ் நிறுவனம் டோட்டா 2-ஐ முழுமையாக வெளியிட்டபோதும் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. அவர்களுடைய வருமானம் உடைகள், ஆயுத அலங்காரம் போன்றவற்றிலிருந்து வருகிறது. முன்பு பேட்டில் பாஸ் என்ற பருவகால அலங்காரத் தொகுப்பையும் விற்றார்கள். டோட்டாவின் மிகப் பெரிய போட்டியான இன்டர்நேஷனல் 2021-இல் பத்தாவது முறையாக நடந்தபோது பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி பேட்டில் பாஸ் விற்பனையின் கால் பங்கு. ஒரு ஹீரோவைக்கூடப் பூட்டி வைக்காமல் இவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

லீக்கின் வழி வேறு. அங்கே கதாபாத்திரங்களுக்குச் சாம்பியன்கள் என்று பெயர். 2009 அக்டோபரில் 40 பேரோடு தொடங்கிய ஆட்டம் இன்று 160-ஐத் தாண்டிவிட்டது. ஒரு சிலரை மட்டும் சுழற்சி முறையில் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். குறிப்பிட்ட நாள் ஆனதும் பட்டியல் மாறும். மற்றவர்களை நிரந்தரமாகச் சொந்தமாக்க, ஆடிச் சேர்க்கும் ப்ளூ எசென்ஸையோ காசையோ கொடுக்க வேண்டும். நான் ஆடிய காலத்தில் விலை 450, 1350, 3150, 4800, 6300 என்று படிப்படியாக இருந்தது. பழைய சாம்பியன்களின் விலையை அவ்வப்போது குறைப்பார்கள் என்பதால், நீங்கள் படிக்கும்போது இந்த எண்கள் மாறியிருக்கலாம். படிகள் இருக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இனி, என்னை மாற வைத்த முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அது தவறான தேர்வாகிவிட்டால் என்ன செலவு?

புதிதாக வருபவனுக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாது. முன்னால் நின்று அடி வாங்குவது பிடிக்குமா, பின்னால் நின்று மந்திரம் போடுவது பிடிக்குமா, காட்டுக்குள் தனியாகச் சுற்றுவது பிடிக்குமா என்பதெல்லாம் ஆடிப் பார்த்தால்தான் தெரியும். யூடியூபில் பார்த்து மயங்குவது வேறு, தன் விரலுக்குப் பொருந்துவது வேறு. நான் லீக் ஆடிய முதல் வருடம் லீ சின்னைப் பார்த்து மயங்கினேன். குருட்டுத் துறவி, பறந்து பறந்து உதைப்பார். 4800 எசென்ஸ். வேறு எதையும் வாங்காமல் வாரக்கணக்கில் சேர்த்து அவரை எடுத்தேன். முப்பது ஆட்டத்துக்குள் தெரிந்துவிட்டது, அந்த வேகம் எனக்கு வராது. என் கைக்குப் பொருந்தியது நிதானமாகக் கூட்டாளிகளைக் காக்கும் சப்போர்ட் வேலை. அதை முதலிலேயே தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. லீக்கில் பயிற்சிக் களம் உண்டு, ஆனால் அங்கேயும் உங்களிடம் உள்ளவரோடோ அப்போதைய இலவசப் பட்டியலில் உள்ளவரோடோதான் பழக முடியும். வாங்கின பிறகுதான் ஓட்டிப் பார்க்கலாம் என்று வண்டிக் கடையில் சொல்வது போல.

வாங்கியதைத் திருப்பித் தரக் கொஞ்சம் டோக்கன்கள் தந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், ஆத்திர அவசரத்துக்கு உதவும். லெவல் ஏறும்போது வரும் பெட்டிகளில் சாம்பியன் துண்டுகள் கிடைக்கும். துண்டு கையில் இருந்தால் விலையில் 60 சதவீதம் கட்டி ஆளைச் சொந்தமாக்கலாம். வேண்டாம் என்றால் துண்டை உடைக்கலாம், அப்போது விலையில் 20 சதவீதம்தான் தேறும். 4800 விலையுள்ளவரின் துண்டை உடைத்தால் 960, நிரந்தரமாக்க வேண்டுமென்றால் 2880 கட்ட வேண்டும். பெட்டியில் யார் வருவார் என்பதும் உங்கள் கையில் இல்லை. மறுவிற்பனை மதிப்பு பார்த்து வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

டோட்டாவில் ஹீரோ படத்தைத் தொட்டால் டெமோ என்று ஒரு வசதி. உடனே ஒரு தனிக் களம் திறக்கும். கடைசி லெவல் வரை ஏற்றிப் பார்க்கலாம், எல்லாப் பொருட்களையும் வாங்கிப் பார்க்கலாம், அடித்துப் பழக பொம்மை எதிரிகளை நிறுத்தலாம். பிடிக்கவில்லையா, அடுத்த ஹீரோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பத்துப் பேரைப் பார்த்துவிடலாம். தவறான தேர்வின் விலை பத்து நிமிடம். அக்கா மகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

இரண்டாவதாக, தேர்வே வியூகமாக இருக்கும் ஆட்டம் டோட்டா. டோட்டாவில் ரிக்கி என்று ஒருவன், கண்ணுக்குத் தெரியாமல் வந்து முதுகில் குத்துவான். புதியவர்கள் அவனிடம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஸ்லார்டரை எடுத்தால், அவருடைய கடைசி மந்திரம் பட்டவன் எங்கே ஒளிந்தாலும் தெரிவான். பௌண்டி ஹண்டரின் ட்ராக் மந்திரமும் அப்படித்தான். ஃபாண்டம் லான்சர் தன்னைப் போலவே பத்து நிழல்களை உண்டாக்கிக் குழப்பினால், எர்த்ஷேக்கரின் எக்கோ ஸ்லாமுக்கு அது விருந்து. பக்கத்தில் எத்தனை எதிரி நிற்கிறார்களோ அத்தனைக்கும் சேர்த்து அடி பெருகும். சாகும் தறுவாயில்தான் பலம் கூடும் ஹஸ்கருக்கு, உயிர் ஏறுவதையே தடுக்கும் ஏன்ஷியன்ட் அப்பரிஷனின் பனிக்குண்டு எமன். நேற்று எதிரியிடம் தோற்றவன் இன்று அதற்கு மாற்று தேடிக் கண்டுபிடிக்கிறான் பாருங்கள், அதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான பாடம். அந்த நேரத்தில் மாற்று ஹீரோ பூட்டிக் கிடந்தால் பாடம் பாதியில் நிற்கும்.

இதில் லீக்குக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. லீக்கில் ஆளுக்கு ஆள் மாற்று இந்த அளவுக்கு ஈவிரக்கமில்லாமல் இருக்காது. சாதாரண அடியை நம்பியிருப்பவருக்கு டீமோ என்ற சாம்பியனின் கண்மறைப்பு தொல்லைதான், ஆனால் அதோடு ஆட்டம் முடிந்துவிடாது. இரண்டு மூன்று சாம்பியன்களை மட்டும் ஆழமாகப் பழகி உயரத்துக்குப் போனவர்கள் அங்கே ஏராளம். அதனால் குறைந்த ஆட்களோடு வாழ்வது லீக்கில் டோட்டாவைவிட எளிது. ரேங்க்டு என்ற தரவரிசை ஆட்டம் ஆட மட்டும் 30-ஆம் லெவலும் 20 சாம்பியன்களும் வேண்டும். இரண்டு அணியும் சேர்ந்து பத்துப் பேரைத் தடை செய்வார்கள், பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகமொத்தம் 20 என்பதால், உங்களுக்கு ஆளே இல்லாமல் போகக் கூடாது என்றுதான் அந்த விதி. முன்பு ரூன்களையும் (சாம்பியனின் பலத்தைக் கூட்டும் சின்னங்கள்) விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் அதை நீக்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய மாற்றம்.

2022 டிசம்பரிலிருந்து எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தா உள்ளவர்களுக்கு லீக்கின் எல்லா சாம்பியன்களும் திறந்திருக்கிறார்கள். சந்தா நின்றால் கதவும் மூடும். வாடகை வீடு மாதிரி. வேறு ஆட்டங்களுக்காக ஏற்கனவே அந்தச் சந்தா கட்டுபவர் என்றால், நான் மேலே சொன்ன குறையில் பாதி அடிபட்டுப் போகும்.

எல்லாவற்றையும் திறந்து போட்டால் புதியவன் குழம்ப மாட்டானா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மூன்று உருண்டைகளைச் சேர்த்துப் பத்து மந்திரம் உண்டாக்கும் இன்வோக்கரை முதல் நாளே எடுத்து, கூட ஆடும் நால்வரையும் தவிக்க விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டோட்டாவும் இதைக் கவனித்துத்தான் புதியவர்களின் முதல் 25 ஆட்டங்களுக்கு 20 ஹீரோக்கள் என்று வரம்பு வைத்தது. ரேங்க்டு ஆட 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். ஆக, டோட்டாவிலும் பூட்டு உண்டு. அந்தப் பூட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆடிப் பழகினாலே அது திறந்துவிடும். காசுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அதே 25 ஆட்டம்தான். நீச்சல் குளத்தில் முதல் வாரம் ஆழமில்லாத பக்கம் நிற்கச் சொல்வதும், ஆழத்துக்குப் போகத் தனிக் கட்டணம் கேட்பதும் ஒன்றல்ல.

பழகித் திறக்கும் பூட்டுக்கு இன்னும் அழகான ஒரு உதாரணம் ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டம். 2014-இல் வந்தபோது ஒன்பது வகுப்புகள், வகுப்புக்கு ஒரு கதாபாத்திரம். அப்போது புதியவருக்கு ஜெய்னா என்ற மந்திரக்காரி மட்டும் கிடைத்தாள். மற்ற எட்டுப் பேரை ஒவ்வொருவராக ஆட்டத்தில் வென்றால், தோற்றவர் உங்கள் பக்கம் வருவார் என்பது அன்றைய விதி. வார்லாக் வகுப்புக்காரனைத் தோற்கடிக்கும்போதே, உயிரில் இரண்டைக் கொடுத்து ஒரு சீட்டு எடுப்பது அவன் வழி என்று எதிர்முனையிலிருந்து கற்றுக்கொண்டிருப்பீர்கள். திறப்பதும் கற்பதும் ஒரே செயல். பின்னால் சேர்ந்த டீமன் ஹண்டருக்கும் டெத் நைட்டுக்கும் சிறிய கதைப் பயணத்தை வைத்தார்கள். ஆனால் வகுப்பு எளிதில் திறந்தாலும் நல்ல சீட்டுகள் பூட்டித்தான் இருக்கும். மிக அரிய வகையான ஒரு லெஜண்டரி சீட்டு உண்டாக்க 1600 தூசு வேண்டும், அதையே உடைத்தால் 400 தூசுதான் திரும்பும். வாசலைத் திறந்துவிட்டு உள் அறைகளைப் பூட்டிய வீடு.

லீக்கின் கைப்பேசி வடிவமான வைல்ட் ரிஃப்டை நான் பதினைந்து ஆட்டத்துக்கு மேல் ஆடியதில்லை. அங்கே கதாபாத்திரங்கள் சீக்கிரம் சேர்ந்த மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் பதினைந்து ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியாக இருக்காது.

மருமகன் டோட்டாவை இறக்கினான். முதல் இரண்டு வாரம் தினமும் தோற்றான், அது நடக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ரெய்த் கிங், லிச், ஸ்னைப்பர் என்று எளிய ஆட்களை டெமோவில் பழகினான். இப்போது அவனுக்குப் பிடித்தது சப்போர்ட் வேலை செய்யும் லிச். நான் நினைத்தது அவன் கேரிதான் (அணிக்காகப் பெரிய அடி கொடுக்கும் வேலை) ஆடுவான் என்று.

கூட ஆடும் நண்பர்கள் நால்வரும் லீக்கில் இருந்தால் நீங்களும் லீக்குக்கே போங்கள். தெரிந்தவர்களோடு ஆடும் சுகத்துக்கு முன்னால் இந்தக் கணக்கெல்லாம் சின்னது. அங்கே போனதும் எசென்ஸைப் பெரிய பெயருக்காகச் சேர்த்து வைக்காதீர்கள். மேல் பாதைக்குக் காரென், காட்டுக்கு வார்விக், நடுவுக்கு ஆனி, கீழ்ப் பாதைக்கு ஆஷ், சப்போர்ட்டுக்கு சொராகா. என் காலத்தில் ஐவரும் தலா 450. மொத்தம் 2250, ஒரு லீ சின்னுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஐந்து வேலைகளையும் தலா பத்து ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். எந்த வேலை கைக்கு வருகிறது என்று தெரிந்த பிறகு விலை கூடிய படியைத் தொடுங்கள். அதுவரை பெட்டியில் வரும் துண்டுகளை உடைக்க வேண்டாம், வைத்திருங்கள்.