கண்: படைப்பா, பரிணாமமா?
வழியில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டவர் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என முடிவு செய்வதுபோல, அதைவிட நுட்பமான கண்ணுக்கும் படைப்பாளர் உண்டு என்று 1802-இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி வாதிட்டார். மாணவப் பருவத்தில் இவ்வாதத்தை ரசித்துப் படித்த சார்லஸ் டார்வினே 1859-இல் மாற்று விளக்கம் தந்தார் என்பது சுவையான முரண். ஒளியுணரும் செல்திட்டு, கிண்ணக் குழி, நாட்டிலஸ் என்னும் கடல் மெல்லுடலியின் வில்லையற்ற (லென்ஸ் இல்லாத) துளைக்கண், வில்லையுள்ள கண் எனப் படிநிலைகள் இன்றும் உயிரினங்களில் உள்ளன. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சற்றே பயன்தந்தால், பயனுள்ள மாறுபாடுகளைத் தலைமுறைதோறும் நிலைக்கச் செய்யும் இயற்கைத் தேர்வுக்கு அதுவே போதும் என்பதே அவ்விளக்கம்.

பேலி இடறுவது கண்ணின் குறைகளில்தான். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணர் செல்களுக்கு முன்புறம் ஓடி, ஓரிடத்தில் திரண்டு வெளியேறுவதால், அங்கே குருட்டுப்புள்ளி உண்டாகிறது. தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகள் இட்டு, இடக்கண்ணை மூடி, இடப்புள்ளியையே நோக்கியபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால், ஏறத்தாழ ஓரடித் தொலைவில் வலப்புள்ளி மறைந்துவிடும். ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் பின்புறமாகச் செல்வதால் இக்குறை இல்லை. ஒரே படைப்பாளர் ஆக்டோபஸுக்கு மட்டும் சீராக அமைத்தது ஏன் என்பதற்குப் படைப்புவாதத்தில் நிறைவான விடை கிடைப்பதில்லை. இருவேறு மரபுகளில் தனித்தனியே உருவானவை என்றால் இயல்பாக விளங்குகிறது.

இறைநம்பிக்கையே இதனால் தகர்ந்துவிடுவதில்லை. பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஏற்றுக்கொண்டார்.