பாண்டாக்: ஆவணத்தின் அமைப்பைச் சோதிக்கும் மாற்றுக் கருவி

பாண்டாக் என்பது ஒரு வகை ஆவணத்தை இன்னொரு வகையாக மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் இதை ஹாஸ்கெல் நிரல்மொழியில் எழுதி, 2006இல் முதன்முதலாக வெளியிட்டார். தலைப்பு, அழுத்தம் போன்றவற்றைச் சில எளிய குறிகளால் சுட்டும் எழுத்துமுறையான மார்க்டவுனில் எழுதிய கோப்பை வேர்ட் ஆவணமாகவும், வலைப்பக்கமாகவும், மின்னூலாகவும், அச்சுக்கோப்பு மென்பொருளான லாடெக் வழியே பிடிஎஃப் ஆகவும் இது மாற்றும். பெரும்பாலோர் இந்தத் திசையில்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதன் அருமை எதிர்த்திசையில், அதாவது வேர்ட் போன்ற சொற்செயலியில் உருவான ஆவணத்தை எழுத்துகள் மட்டுமே கொண்ட எளிய உரைக்குக் கொண்டுவரும்போதுதான், முழுமையாகப் புலப்படுகிறது என்பது என் கருத்து.

சொற்செயலியில் தலைப்பு ஒன்றை இரண்டு விதமாக அமைக்கலாம். தலைப்புக்கென உள்ள பாணியைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் நிறுத்துவது இன்னொரு வழி. திரையிலும் தாளிலும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பாண்டாக்கின் வழியே செலுத்தினால், முதல் வகைத் தலைப்பு தன் நிலையோடு தலைப்பாகவே வந்து சேரும். இரண்டாம் வகையோ தடித்த எழுத்தில் அமைந்த ஒரு சாதாரணப் பத்தியாக இறங்கும். நீண்ட அறிக்கை ஒன்றை மாற்றிப் பார்த்தால், எழுதியவர் எந்த இடங்களில் ஆவணத்தின் அமைப்பைச் சொல்லியிருக்கிறார், எந்த இடங்களில் தோற்றத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது முழுவதும் வெளிப்பட்டுவிடும். பொருளடக்கம் தானாக உருவாக வேண்டும் என்றாலும், பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வேண்டும் என்றாலும், அமைப்பு சொல்லப்பட்டிருந்தால்தான் முடியும்.

இது இப்படி இயங்குவதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. எந்த வடிவிலிருந்து படித்தாலும், பாண்டாக் அதைத் தலைப்பு, பத்தி, பட்டியல், மேற்கோள், நிரல் தொகுதி, அடிக்குறிப்பு என்னும் கூறுகளால் ஆன ஒரு பொது மரமாக முதலில் ஆக்கிக்கொள்கிறது. பிறகு அந்த மரத்திலிருந்து வேண்டிய வடிவை எழுதுகிறது. பக்க ஓரத்தின் அளவு போன்ற தோற்ற விவரங்களுக்கு அந்த மரத்தில் இடமில்லை. அவை பாதுகாக்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாமென அதன் கையேடே தெளிவாகச் சொல்கிறது. சிலர் இதைக் குறையாகக் கருதுகிறார்கள். நான் இதைச் சரியான முடிவாகவே கருதுகிறேன். பத்து வடிவங்களுக்குப் பொதுவாக நிற்கக்கூடியது அமைப்பு ஒன்றுதான். தோற்றத்தையும் சுமக்க முயன்றிருந்தால் இக்கருவி ஒவ்வொரு வடிவிலும் அரைகுறையாகவே நின்றிருக்கும்.

ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன், குறியீடுகளோடு இருக்கும் நிலையிலேயே இயல்பாகப் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு வகுக்கப்பட்டது. தமிழில் எழுதுபவருக்கு அதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு வேர் இல்லை. கணினி வலிந்து சாய்க்கும் தமிழ் எழுத்துகள் கண்ணை உறுத்துகின்றன. மார்க்டவுனில் ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி (*) இட்டால், அது "இங்கே அழுத்தம்" என்று மட்டுமே சொல்கிறது. அந்த அழுத்தத்தைச் சாய்வாகக் காட்டுவதா, தடிப்பாகக் காட்டுவதா, வேறு நிறத்தில் காட்டுவதா என்பதை வலைப்பக்கத்தின் பாணிக்கோப்பிலோ லாடெக் வார்ப்புருவிலோ ஒரே இடத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம். வேர்ட் வடிவுக்கு மாற்றும்போது மட்டும் பாண்டாக் அழுத்தத்தை நேரடியாகச் சாய்வெழுத்தாகவே எழுதிவிடுகிறது. லுவா என்னும் நிரல்மொழியில், மாற்றத்தின் இடையே புகுந்து திருத்தும் சில வரி நிரலை (வடிகட்டியை) எழுதி இதைத் தடித்த எழுத்தாக மாற்றலாம் என்றாலும், நிரல் எழுதாதவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

குறியீடுகளின் விதிகளை வகுத்தவர்கள் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி வரும் மொழிகளை மனத்தில் கொண்டிருக்கவில்லை என்பதும் தெரிகிறது. அழுத்தத்துக்கான இன்னொரு குறியான அடிக்கோட்டால் (_) சூழப்பட்ட சொல்லோடு "ஐ", "இல்" போன்ற உருபு ஒட்டினால் குறி வேலை செய்யாது; அடிக்கோடு அப்படியே எழுத்தாகத் தெரியும். உடுக்குறி அந்த இடத்தில் வேலை செய்கிறது. ஆனால் மெக்ஃபார்லேனும் பங்கேற்று 2014இல் வெளிவந்த, மார்க்டவுனின் விதிகளைத் துல்லியமாக வகுக்கும் காமன்மார்க் வரையறையின்படி, மேற்கோள் குறிக்குள் உள்ள சொல்லை உடுக்குறியால் சூழ்ந்து, அதற்குப் பின் இடைவெளியின்றி உருபை எழுதினால் உடுக்குறியும் தோற்றுவிடுகிறது. உருபை மூடும் மேற்கோள் குறிக்கு முன்பே சொல்லோடு சேர்த்துவிடுவது எளிய தீர்வு. மார்க்டவுனில் இன்னொரு உறுத்தலும் உண்டு: வரியின் இறுதியில் இரண்டு இடைவெளி விட்டால் அது வரிமுறிவாகக் கொள்ளப்படும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பொருள் தருவது, எளிய உரையின் அடிப்படைக்கே முரணானது. இடைவெளிக்குப் பதிலாகப் பின்சாய்கோடு (\) இடும் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

நிரல் சார்ந்த ஆவணங்களில் எளிய உரையின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. சொற்செயலிகள் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாகவும், இரட்டைச் சிறுகோட்டை நீள்கோடாகவும் தாமாகவே மாற்றிவிடுகின்றன. அவ்வாறு அழகூட்டப்பட்ட கட்டளையை நகலெடுத்து இயக்குபவருக்குப் பிழைச்செய்தியே கிடைக்கும். மார்க்டவுனின் நிரல் தொகுதிக்குள் எந்தக் குறியும் தொடப்படுவதில்லை. வண்ணம் வேண்டுமென்றால் பாண்டாக் வெளியீட்டின்போது அதைச் சேர்க்கிறது. நிரல் எழுதும் எடிட்டர்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன: கோப்பில் இருப்பவை எழுத்துகள் மட்டுமே, சிறப்புச் சொற்களின் நிறமெல்லாம் திரையில் காட்டும்போது பூசப்படுபவை. ஒரே கோப்பை இருவர் இரு வேறு நிறங்களில் பார்த்துக்கொண்டு, கோப்பில் ஓர் எழுத்தும் மாறாமல் சேர்ந்து வேலை செய்ய முடிவது இதனால்தான். கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் போன்ற கருவிகள் எந்த வரி மாறியது என்று காட்டுவதற்கும் இதுவே அடிப்படை. வேர்ட் ஆவணமோ பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதியாதலால் அந்த ஒப்பீடு நேரடியாகக் கிடைப்பதில்லை.

பிடிஎஃப் உருவாக்கும்போது தமிழ்ப் பயனர்கள் முதலிலேயே தடுக்கி விழ வாய்ப்புண்டு. இயல்பாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிடிஎஃப்லாடெக் என்னும் எந்திரம் தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை சொல்லி நின்றுவிடும். ஸீலாடெக் எந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, கணினியில் உள்ள ஒருங்குறி (யூனிகோட்) தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரையும் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். பெரும்பாலும் கட்டளை வரியில் இயக்கப்படும் கருவி என்பதால், பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் இதற்குத் தேவை.

கட்டங்கள் இணைந்த சிக்கலான அட்டவணைகளுக்கு மார்க்டவுனை நாட வேண்டாம். செங்குத்துக் கோடுகளால் எழுதும் அட்டவணையில் கட்டங்களை இணைக்க வழியில்லை. ஒரே பக்கத்தில் எல்லாம் அடங்க வேண்டிய அழைப்பிதழ், சான்றிதழ் போன்றவற்றுக்கும் கண்முன் வடிவமைக்கும் மென்பொருளே பொருத்தமானது, ஏனெனில் அங்கே தோற்றம்தான் உள்ளடக்கம். பலர் திருத்தங்களையும் கருத்துகளையும் ஓரத்தில் பதிந்து பரிமாறிக்கொள்ளும் பணியில் சொற்செயலியின் வசதிக்கு ஈடில்லை. அதைப் பயன்படுத்தும் சக பணியாளர்களுக்கு, பாணிகள் திருத்தப்பட்ட மாதிரி ஆவணம் ஒன்றைப் பாண்டாக்கிடம் கொடுத்து, அதே தோற்றத்தில் வேர்ட் கோப்பை உருவாக்கி அனுப்பலாம்.

ஒருங்குறிக்கு முற்பட்ட ஆவணங்களை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் தோற்றம் மட்டுமே. பாண்டாக் எழுத்துருவைக் கைவிட்டுவிடுவதால், அத்தகைய ஆவணம் படிக்க முடியாத குறிகளின் குவியலாக வெளிவரும். முதலில் எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் உரையை ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஆங்கிலச் சொற்கள் சிதைந்துள்ளனவா என்று ஒருமுறை படித்துச் சரிபார்த்து, அதன் பிறகே பாண்டாக்கிடம் ஒப்படைக்க வேண்டும்.